62 இலட்சத்தில் ஒரு புள்ளி

ஏப்ரல் மாதக் கடைசியில் அறுகம்பேயில் அலைக்கு ஆள் சேரத் தொடங்கிவிடும். ஒக்டோபர் வரை முனைக் கரையில் பலகையோடு காத்திருப்பவர்கள் ஒரு பக்கம், நீண்ட லென்ஸால் அவர்களைக் குறிபார்த்து நிற்பவர்கள் மறுபக்கம். மாலையானதும் அன்றைய படங்கள் அங்குள்ள உல்லைக் கடைகளின் மேசைகளில் லெப்டொப்பில் விரிகின்றன. அலையின் நீல முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு. நுரைத் துளியாக இருக்கலாம். அடுத்த படத்திலும் அதே இடத்தில் நிற்கிறது. அதற்கடுத்த படத்தில் அந்த இடம் வானம்; பொட்டு அங்கேயும் நிற்கிறது. வானம் வரைக்கும் நுரை தெறிக்காது.

ஆக, குற்றவாளி கமராவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திரையாக இருக்க வேண்டும். பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். படத்தைப் பெரிதாக்கி இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்க்க வேண்டும். படத்தோடு பொட்டும் சேர்ந்து நகர்ந்தால் கோளாறு கமராவில். படம் நகர, பொட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தால் கோளாறு திரையில். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. செய்யாமல் காசு கொடுத்து டிஸ்ப்ளே மாற்றினால், புதிய டிஸ்ப்ளேயிலும் அதே பொட்டு வந்து நிற்கக்கூடும்.

கமராவின் கோளாறைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒளியே விழாதபோதும், உள்ளே கசியும் மின்சாரத்தால் 'ஒளி விழுந்தது' என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும் உணரிப் புள்ளிக்கு ஹொட் பிக்சல் என்று பெயர். கமரா சூடேற ஏற இவை கூடும். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் கமராக்களுக்கும் இதே தொல்லை. விண்வெளிக் கதிர்வீச்சு தாக்கித் தாக்கி அதன் உணரிகளில் புதிய ஹொட் பிக்சல்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு தடவை, கடுங்குளிரில் வைத்திருக்கும் உணரிகளைச் சூடாகவிட்டு மறுபடி குளிரவைக்கிறார்கள். பல புள்ளிகள் அதில் குணமாகிவிடுகின்றன. லெப்டொப் திரைக்கு அப்படியொரு வைத்தியம் கிடையாது.

இன்று விற்கும் 15.6 அங்குல லெப்டொப்களில் மிகச் சாதாரணமானது 1920-க்கு 1080 திரை. பெருக்கினால் 2,073,600 பிக்சல்கள். ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்களாகப் பிரிந்திருப்பதால் மொத்தம் 6,220,800 ஒளிக் கதவுகள். ஒரு பிக்சலின் அகலம் 0.18 மில்லிமீற்றர், துணைப் பிக்சலின் அகலம் 0.06 மில்லிமீற்றர், ஏறக்குறைய ஒரு தலைமுடி. நம்பாதவர்கள் போன் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன்மேல் ஊசிமுனையளவு தண்ணீர்த் துளி வைத்துப் பார்க்கலாம். துளி உருப்பெருக்கியாகிவிடும். அங்கே வெள்ளை என்று ஒன்றுமே இருக்காது. சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சின்னச் சின்னத் துண்டுகள்தான் பக்கத்தில் பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கும். இந்த விளையாட்டை லெப்டொப்பில் செய்யக்கூடாது. விளிம்பு வழியாக நீர் உள்ளே இறங்கிவிடும்.

62 இலட்சம் கதவுகளுக்கு 62 இலட்சம் கம்பிகள் இழுக்க முடியாது. இழுக்காமல் சமாளித்த வழி மருதமுனைக் கைத்தறிக்காரருக்குப் புதிதாக இராது. தறியில் நெடுக்கே பாவு, குறுக்கே ஊடை. திரைக் கண்ணாடியிலும் அப்படித்தான். நெடுக்கே 5,760 தரவுக் கம்பிகள், குறுக்கே 1,080 வரிசைக் கம்பிகள், இரண்டும் சந்திக்கும் இடமெல்லாம் ஒவ்வொரு மெல்லிய திரான்சிஸ்டர். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக மின்சாரம் இறங்கிவரும். தன் முறை வந்ததும் அந்த வரிசையின் திரான்சிஸ்டர்கள் எல்லாம் ஒன்றாகத் திறந்து, நெடுக்குக் கம்பிகள் கொண்டுவரும் மின்னழுத்தத்தை வாங்கிவைத்துக்கொண்டு மூடிவிடும். செக்கனுக்கு 60 தடவை முழுத் திரையும் இப்படி நெய்யப்படுகிறது. ஒரு வரிசைக்குக் கிடைக்கும் நேரம், செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு.

தறியில் ஒரு இழை அறுந்தால் துணி நெடுக்கக் கோடு விழும். திரையிலும் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்: புள்ளியா, கோடா? புள்ளியென்றால் பழுது அந்த ஒரு சந்தியில். மேலிருந்து கீழ்வரை கோடு ஓடினால் பழுது கம்பியில், அல்லது கம்பிக்கு மின்னழுத்தம் அனுப்பும் சில்லின் இணைப்பில், அல்லது திரைக்கும் தாய்ப்பலகைக்கும் இடையில் ஓடும் பட்டை வயரில். புள்ளி பெரும்பாலும் ஒன்றாகவே இருந்துவிடும். கோட்டை அப்படி நம்ப முடியாது; இணைப்பு விடத் தொடங்கிவிட்டால் பக்கத்துக் கம்பியும் போகும். பாவித்த லெப்டொப் வாங்குகிறவர் புள்ளிக்கு விலை குறைத்துக் கேட்கலாம். கோடு உள்ளதை வாங்காமல் விடுவதே நல்லது.

இந்தக் குறுக்கு நெடுக்குத் திட்டத்தைத் திரான்சிஸ்டர்களோடு சேர்த்து 1970களின் தொடக்கத்தில் செய்து காட்டியது அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வுகூடத்தில் இருந்த பீற்றர் புரோடியின் குழு. மலிவாகக் கண்ணாடியில் படியவைக்கக்கூடிய, பளிங்குருவற்ற சிலிக்கனிலும் அந்தத் திரான்சிஸ்டர்களைச் செய்யலாம் என்று 1979இல் ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் லெகோம்பரும் ஸ்பியரும் காட்டினார்கள். இன்றைய லெப்டொப் திரைகளுக்கு வழி திறந்தது அங்கேதான்.

கதவு எதனால் ஆனது? 1888இல் பிராக் நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்ட்ரோலிலிருந்து செய்த ஒரு சேர்வையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கல் நீராயிற்று. உருகிய பொருள் மேற்கொண்டு உருக என்ன இருக்கிறது? ஆனால் 178.5 பாகையில் கலங்கல் திடீரென்று தெளிந்தது. இடையில் இருந்த அந்தக் கலங்கல்தான் திரவப் பளிங்கு. திரவம்போல ஓடும், ஆனால் அதன் மூலக்கூறுகள் பளிங்கில் இருப்பதுபோல ஒரே திசை பார்த்து நிற்கும். மின்புலம் பட்டால் அந்தத் திசை திரும்பும். திரும்புகிற இந்தக் குணத்தை வைத்துத்தான் இன்றைய திரைகள் ஓடுகின்றன.

அதே 1888இல் திருச்சிராப்பள்ளியில் சி. வி. இராமன் பிறந்தார் என்பது தற்செயல். ஆனால் அவருடைய சகோதரியின் மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் திரவப் பளிங்குக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். அதுவரை தெரிந்த திரவப் பளிங்கு மூலக்கூறுகள் எல்லாம் குச்சி வடிவம். பெங்களூரில் இராமன் ஆய்வு நிறுவனத்தில் சந்திரசேகரும் சதாசிவாவும் சுரேஷும் 1977இல் வட்டத் தகடு வடிவ மூலக்கூறுகளும் திரவப் பளிங்காகும் என்று கண்டு, 'பிரமாணா' ஆய்விதழில் வெளியிட்டார்கள். சாய்ந்து பார்த்தால் நிறம் மாறித் தெரியும் மலிவான திரைகளின் குறையைக் குறைப்பதற்கு, 1990களில் ஜப்பானின் பியூஜி நிறுவனம் அந்தத் தகடு வடிவ மூலக்கூறுகளைக் கொண்டே ஒரு படலம் செய்தது. பழைய லெப்டொப் ஒன்றைக் கொஞ்சம் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க முடிகிறதென்றால் அதில் பெங்களூரின் பங்கும் இருக்கலாம். மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால் அந்தக் குறை இன்னும் தெரியும். ஆகவே சோதிக்கும்போது திரைக்கு நேராக உட்கார வேண்டும்.

திரையின் பின்னால் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று எப்போதும் எரிகிறது. அதன் ஒளி ஒரு முனைவாக்கித் தாளைக் கடக்கும்போது ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக வடிகட்டப்படும். முன்னால் இன்னொரு முனைவாக்கி, முதலாவதுக்குச் செங்குத்தாக. இடையில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒளி வெளியே வராது. ஆனால் இடையில் சில மைக்ரோமீற்றர் தடிப்பில் திரவப் பளிங்கு இருக்கிறது. அது ஒளியின் அதிர்வைத் திருப்பிவிட்டால் ஒளி வெளியே வரும், திருப்பாவிட்டால் இருட்டு. எவ்வளவு திருப்புவது என்பதைத் திரான்சிஸ்டர் கொடுக்கும் மின்னழுத்தம் தீர்மானிக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. டி.என். என்று சொல்லப்படும் பழைய, மலிவான வகைத் திரையில் மின்னழுத்தம் இல்லாதபோது கதவு திறந்திருக்கும். ஐ.பி.எஸ். வகையில் மின்னழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும். ஆகவே திரான்சிஸ்டர் முற்றாகச் செத்துப்போனால் ஐ.பி.எஸ். திரையில் கறுப்புப் புள்ளி, டி.என். திரையில் அதே சாவு பளிச்சென்று எரியும் புள்ளியாகத் தெரியும்! கடைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'டெட் பிக்சல்' என்கிறார்கள். எரிகிற புள்ளி செத்ததா உயிரோடு இருக்கிறதா என்ற தர்க்கத்தை அவர்களிடம் நடத்திப் பயனில்லை. பார்க்கிறவருக்கு வேண்டியது வேறு: எந்த நிறப் பின்னணியில் அது தெரிகிறது, எந்தப் பின்னணியில் மறைகிறது?

பிக்சல் முழுவதும் செத்தால் வெள்ளைப் பின்னணியில் கறுப்புப் புள்ளி. ஒரு துணைப் பிக்சல் மட்டும் மூடிக்கொண்டால் கணக்கு மாறும். வெள்ளையில் பச்சை இல்லாமற் போனால் மெஜந்தா. சிவப்பு இல்லாமற் போனால் நீலப்பச்சை. நீலம் இல்லாமற் போனால் மஞ்சள். மறுதலையாக, ஒரு துணைப் பிக்சல் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கறுப்புப் பின்னணியில் அதன் சொந்த நிறத்தில் எரியும். இதுதான் ஸ்டக் பிக்சல். எல்லா நிறமும் ஒரே அளவு உறுத்துவதில்லை. தொலைக்காட்சித் தரக்கணக்கின்படி வெள்ளையின் பிரகாசத்தில் பச்சையின் பங்கு 72 வீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. பச்சையில் சிக்கிய புள்ளி வீட்டில் எல்லோர் கண்ணையும் குத்தும். நீலத்தில் சிக்கியது வருடக்கணக்காக இருந்தாலும் யாரும் கவனிக்காமல் விடலாம்.

ஏன் இப்படி ஆகிறது? பெரும்பாலும் தூசி. திரைகள் தனித்தனியாகச் செய்யப்படுவதில்லை. ஆளைவிட உயரமான பெருங் கண்ணாடியில் பல திரைகளை ஒன்றாக அச்சிட்டுப் பிறகு வெட்டுகிறார்கள், 8.5ஆம் தலைமுறைத் தொழிற்சாலை ஒன்றின் கண்ணாடி 2.2 மீற்றருக்கு 2.5 மீற்றர். அதன்மேல் உலோகமும் சிலிக்கனும் படலம் படலமாகப் படியும்போது, சில மைக்ரோமீற்றர் அளவுத் துகள் ஒன்று விழுந்தால் ஒரு கம்பி அறுபடலாம். இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு துணைப் பிக்சல் பழுதாகும் வாய்ப்பு ஒரு கோடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வேறு எத்தனையோ பொருள்களுக்கு இது அபாரமான தரம். ஆனால் 62 இலட்சம் துணைப் பிக்சல் உள்ள திரைகளில் நூற்றுக்கு 54 மட்டுமே முற்றிலும் குறையற்று வரும். மீதி 46இல் ஒன்றாவது இருக்கும். 3840-க்கு 2160 திரையில் துணைப் பிக்சல்கள் ஏறத்தாழ இரண்டரைக் கோடி. அதே தரத்தில் செய்தால் குறையற்றவை நூற்றுக்கு எட்டு! உண்மையில் கடைக்கு வரும் திரைகளில் பெரும்பாலானவை சுத்தமாக இருக்கின்றன என்றால், தொழிற்சாலைகள் இதைவிடப் பல மடங்கு கறாராக வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

தப்பி வருபவற்றையும் அப்படியே விடுவதில்லை. எரிகிற புள்ளியை லேசரால் சுட்டு இருண்ட புள்ளியாக்கிவிடுவது தொழிற்சாலை வழக்கம். கறுப்பில் எரியும் ஒன்றைவிட வெள்ளையில் இருண்ட ஒன்று கண்ணுக்கு எளிதில் அகப்படாது என்பது அதன் நியாயம். வாங்குகிறவர் காணும் கறுப்புப் புள்ளிகளில் சில இப்படித் தெரிந்தே கொல்லப்பட்டவை.

பிறகு பேரம் வருகிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1992இல் திங்க்பேட் 700சி லெப்டொப்பை வெளியிட்டபோது அதன் 10.4 அங்குல நிறத் திரையில் 640-க்கு 480 பிக்சல். துணைப் பிக்சல் ஒன்பது இலட்சத்துக்குச் சற்று மேல். குறையற்ற திரைகளை மட்டும் பொறுக்கி விற்பதென்றால் விலை தாங்காது. அதனால் இத்தனை புள்ளி வரை பழுதென்று கொள்வதில்லை என்று உற்பத்தியாளர்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். 2001இல் ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற சர்வதேசத் தரம் அந்தக் கணக்கை நான்கு வகுப்பாக்கியது. முதலாம் வகுப்பில் ஒரு புள்ளியும் கூடாது. பெரும்பாலான திரைகள் விற்கப்பட்ட இரண்டாம் வகுப்பில், பத்து இலட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிபவை 2, எப்போதும் இருண்டவை 2, துணைப் பிக்சல் கோளாறு 5 வரை குறையல்ல. 2008இல் அந்த இடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9241-307 வந்தது, வகுப்பு முறை தொடர்ந்தது.

முழு எச்.டி. எனப்படும் 1920-க்கு 1080 திரைக்கு இதைப் பெருக்கினால் எரிபவை 4, இருண்டவை 4, துணைப் பிக்சல் 10 வரை 'நல்ல திரை'. இந்தப் பேரத்தில் வாங்குகிறவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தரம் எழுதியது உற்பத்திக்கு நியாயமாக இருக்கலாம். ஆனால் பெட்டியின் மேல் 'இது இரண்டாம் வகுப்பு' என்று அச்சடித்து விற்றவர்களைக் காண்பது அரிது. போட்டி வந்த பிறகுதான் நிலைமை இளகியது. டெல் நிறுவனம் தன் அல்ட்ராஷார்ப் மொனிட்டர்களில் எரியும் புள்ளி ஒன்றே ஒன்று கண்டாலும் மாற்றித் தருவதாக உத்தரவாதம் கொடுக்கிறது. அந்த உத்தரவாதமும் எரிகிற புள்ளிக்குத்தான்.

கல்முனை பஸாரிலோ அக்கரைப்பற்றிலோ லெப்டொப் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் மாணவர்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம். புதியதற்குக் காசு போதாமல் பாவித்ததை வாங்குகிறவர்களும் உண்டு. திரை ஒன்று பழுதென்று கொழும்புக்கு அனுப்பினால் ஏ4 நெடுஞ்சாலையில் இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் என்று முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் போய்வர வேண்டும். காசு கைமாறுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழிப்பது இலாபம்.

சோதனைக்கு இணையம்கூட வேண்டாம். பெயின்ற் மென்பொருளில் 1920-க்கு 1080 அளவில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக நிரப்பிய ஐந்து படங்களை ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டு போனால் போதும். சாம்பல் நிறத்தில் ஆறாவதும் இருந்தால் நல்லது; திரையில் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தால் அதில்தான் தெரியும். முதலில் திரையை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். பிரகாசத்தை முழுதாக வைத்து, ஒவ்வொரு படத்தையும் விளிம்புவரை முழுத்திரையாகத் திறக்க வேண்டும். டாஸ்க்பார் தெரிந்துகொண்டிருந்தால் அதன் அடியில் ஒளிந்திருக்கும் புள்ளி தப்பிவிடும். கறுப்புப் படத்தைக் கடை வாசல் வெயிலில் பார்ப்பது வீண். உள்ளே, நிழலில் பார்க்க வேண்டும். அந்தக் கறுப்பில் ஓரங்களில் மட்டும் வெளிச்சம் புகைபோலக் கசிந்தால் அது பின்விளக்கின் கசிவு, பிக்சல் குற்றமல்ல.

கண்ணை ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஒன்றும் அகப்படாது. இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்ட வேண்டும். ஏதாவது அகப்பட்டதும் வழக்கமான உரையாடல் ஆரம்பமாகும்.

"காக்கா, இதில ஒரு புள்ளி நிக்கிது."

"அது தூசி தம்பி, துடைச்சாப் போயிரும்."

யார் சொல்வது சரி என்பதைப் போன் கமரா தீர்த்துவைக்கும். திரைக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தால் போதும். தூசியென்றால் ஒழுங்கற்ற உருவத்தில் நாலைந்து துணைப் பிக்சல்களின் மேல் குறுக்கே கிடக்கும். பழுதான துணைப் பிக்சலுக்கு ஓரம் வெட்டிவைத்ததுபோல் நேராக இருக்கும். பக்கத்தில் உள்ளவை ஒழுங்காக எரிய, ஒரு நீள்சதுரம் மட்டும் இருண்டிருக்கும் அல்லது தேவையில்லாமல் எரியும். இந்த வழக்கில் படத்தைவிடப் பெரிய சாட்சி இல்லை.

மொத்தத் திரையும் கோடும் கோலமுமாக இருந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பார்க்கலாம். திரையின் பழுது ஸ்கிரீன்ஷொட்டில் ஒருபோதும் விழாது. போனிலும் அதே கோலம் தெரிந்தால் பழுது கணினியின் வரைகலைப் பக்கத்தில். டிஸ்ப்ளே மாற்றித் தீராது. எச்.டி.எம்.ஐ. வயரால் கடையில் உள்ள தொலைக்காட்சியில் மாட்டிப் பார்ப்பதும் அதே வேலையைச் செய்யும்.

சில 'பழுதுகள்' பழுதே அல்ல. முனைவாக்கி லென்ஸ் உள்ள கறுப்புக் கண்ணாடி அலைச்சறுக்குக்காரருக்குப் பிரியமான பொருள். கடல் நீரின் கூச்சத்தை வடிகட்டிவிடும். அதை மாட்டிக்கொண்டு லெப்டொப்பைப் பார்த்தால், திரையின் வகையைப் பொறுத்து, தலையை ஒரு கோணத்தில் சாய்க்கும்போது திரை முழுவதும் இருண்டுவிடும். திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே முனைவாக்கப்பட்டது என்பதே காரணம். கண்ணாடியைக் கழற்றினால் தீர்ந்தது. வெயிலில் மூடிய வாகனத்துக்குள் கிடந்த லெப்டொப்பின் திரையில் கரிய திட்டுகள் படர்வதும் உண்டு. சூடு அளவுக்கு மீறும்போது திரவப் பளிங்கு வெறும் திரவமாகிவிடுகிறது, ரைனிட்சரின் கலங்கல் தெளிந்ததைப் போலவே. ஆறவைத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் இதை அடிக்கடி செய்தால் முனைவாக்கித் தாள் கெடும். அயடீன் ஏற்றிய அந்தப் பிளாஸ்டிக்குக்குச் சூடும் ஈரப்பதனும் ஆகாது.

இன்னொன்று நகரும் புள்ளி. இரவில் வெளிச்சத்துக்கு வரும் நுண்ணிய பூச்சியோ சிற்றெறும்போ விளிம்பு இடுக்கால் நுழைந்து, பின்விளக்குத் தாள்களுக்கு நடுவே உலாவும். கண்ட உடனே விரலால் அமுக்குவதுதான் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. அமுக்கினால் அது அங்கேயே செத்து, திரையின் ஆயுள் முழுக்க அங்கேயே கிடக்கும். லெப்டொப்பை அணைத்துவிட்டு, விளிம்பருகே வேறொரு விளக்கை ஏற்றிவைத்தால் அதுவாக வெளியே வர வாய்ப்புண்டு. திரையில் உள்ள எறும்பைக் கொல்லாமல் விடுவது ஜீவகாருண்யம் மட்டுமல்ல, சிக்கனமும்கூட.

கடற்கரை ஊருக்கு உப்புக்காற்று ஒரு தனிப் பகை. உப்பின் குளோரைட்டு ஈரத்தோடு சேர்ந்து பட்டை வயரின் இணைப்பு முனைகளை அரிக்கும். அது புள்ளியாக வராது. திரை மினுங்கும், மூடித் திறக்கும்போது கோடு வந்து போகும். மூடியை அசைக்கும்போது படம் மாறினால் பழுது பெரும்பாலும் வயரில் அல்லது அதன் இணைப்பில். முழு டிஸ்ப்ளே மாற்றுவதைவிட அது மலிவு. பாவித்த லெப்டொப்பில் மூடியைப் பல கோணங்களில் அசைத்துப் பார்ப்பதை எவரும் மறக்கக்கூடாது.

பழுதான புள்ளிக்கு மருந்து உண்டா? முற்றாகச் செத்ததற்கு இல்லை. நிறத்தில் சிக்கியதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களை மிக வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. கதவை ஓயாமல் திறந்து மூடிப் பார்க்கும் முயற்சி அது. சில வேளைகளில் பலிக்கிறது, பல வேளைகளில் இல்லை. செலவு எதுவும் கிடையாது. ஆனால் மினுங்கும் ஒளி வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தானது. ஓடவிட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட வேண்டும். விரலால் அல்லது பேனா மூடியால் அமுக்கித் தேய்க்கும் கைவைத்தியமும் உலாவுகிறது. கண்ணாடிகளுக்கு இடையில் உள்ள வெளி சில மைக்ரோமீற்றர்தான். ஒன்றைக் காப்பாற்றப் போய்ப் பக்கத்தில் உள்ள நாலைக் கொல்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது விலை கூடிய லெப்டொப்களில் வரும் ஓலெட் திரையில் கதை வேறு. கொடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987இல் காட்டிய தொழில்நுட்பம் அது. பின்விளக்கு இல்லை, ஒவ்வொரு துணைப் பிக்சலும் தானே எரிகிறது. கறுப்பு என்றால் முழு அணைவு. அதனால் சிக்கிய புள்ளி ஒன்றிருந்தால் கறுப்புப் படத்தில் உடனே பிடிபடும். பாவித்த ஓலெட் திரையில் பார்க்க வேண்டியது புள்ளியைவிடத் தேய்மானம். ஒரே இடத்தில் நெடுநாள் நின்ற டாஸ்க்பாரின் நிழல், சாம்பல் நிறப் படத்தின் அடியில் தெரியும்.

ஒரு புள்ளிக்காக லெப்டொப்பை வேண்டாமென்று சொல்வதா? மூலையில் ஒரு இருண்ட துணைப் பிக்சல் என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். ஒரு வாரத்தில் கண்ணுக்கு மறந்துவிடும். நடுவில் பச்சையாக எரிவதென்றால் வேண்டாம், குறிப்பாகப் படமெடுப்பவருக்கும் வடிவமைப்பாளருக்கும். இரண்டு மூன்று புள்ளிகள் ஒரே இடத்தில் கூடியிருந்தால் அந்த இடத்தில் அடி விழுந்திருக்கலாம். பின்பக்க மூடியில் அதற்கு நேரே நெளிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

புதியது வாங்குகிறவர் உத்தரவாதச் சீட்டில் திரைப் புள்ளிகளைப் பற்றிய வாசகத்தைக் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாசிக்க வேண்டும். பல உத்தரவாதங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே மாற்றம் கிடையாது. விற்பனையில் பொய் சொல்லியிருந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருளை வாங்கிய மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். 'திரை சரியில்லை' என்று மட்டும் எழுதினால் தூசி என்று பதில் வரும். எந்த நிறப் படத்தில், எந்த நிறத்தில், இடது ஓரத்திலிருந்தும் மேல் ஓரத்திலிருந்தும் எத்தனை சென்ரிமீற்றரில் புள்ளி தெரிகிறது என்று எழுதி, வாங்கிய அன்றே எடுத்த கிட்டப் படத்தையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்து அனுப்ப வேண்டும்.